நூற்றிருபது பார்

சிம்மக்கல் மோட்டார் கடையில்
பெட்டி பெட்டியாகத் தொட்டுக் காட்டினார் சம்சுதீன்.
இது நூறு பார், இது நூற்றிருபது பார்,
அந்த மஞ்சள் நூற்றைம்பது பார்.
பார் பார் என்றால் எதைப் பார்க்க,
நான் விலைச் சீட்டைப் பார்த்தேன்.

"லாரியா வச்சிருக்கீங்க?"
இல்லண்ணே, டிரைவிங் ஸ்கூல்.
ஒரே ஒரு பழைய வெள்ளைக் கார்,
என் காலடியிலும் ஒரு பிரேக்.
"அப்ப நூத்தம்பது பெயின்ட்டோட உரிச்சிரும்" என்று
நூற்றிருபதை முன்னால் தள்ளினார்.
விற்கிறவரே விலை குறைந்ததைத் தள்ளும்போது
கொஞ்சம் சந்தேகம் வரத்தான் செய்கிறது.
தூக்கிப் பார்த்தேன். ஹோஸை மடக்கிப் பார்த்தேன்.
வாளித் தண்ணியையும் உறிஞ்சுமா என்றேன்.
"இங்க இருந்தே காவேரிய உறிஞ்சும்க்கா."

ஆனையூரில் அது எதையும் உறிஞ்சவில்லை.

வாசல் குழாய் அரை இஞ்ச்,
பெட்டிக்குள் வந்த மூடி முக்கால்.
அரைக்கும் முக்காலுக்கும் நடுவில்
ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.
மறு வாரம் ஒச்சப்பன் வந்தார்,
வெள்ளை நாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு.
"காத்து நிக்கிதுக்கா உள்ள.
சுவிட்சப் போடாம துப்பாக்கிய அமுக்கிப் பிடிங்க,
இருமி முடிக்கட்டும்."
இருமியது. துப்பியது. ஒரு தவளைக் குரல் கொடுத்தது.
பிறகு நூல் பிசகாமல் ஓடியது.
அதற்கப்புறம் சுவிட்ச்.
அதற்கப்புறம் வீடு பூராம் இருட்டு.
செல்போன் சார்ஜர் செருகும் ஓட்டையில்
மாட்டியிருந்தேன்.

பெரிய பிளக்குக்கு வயர் இழுத்த அன்று
எதிர்வீட்டுக் குருவம்மாள் குடத்தோடு நின்றார்.
"நாங்க லாரித் தண்ணிக்கு நிக்கிறோம்,
ஒன் காருக்குப் பீச்சாங்குழலா?"
கணக்குச் சொன்னேன்:
நிமிஷத்துக்கு ஆறு லிட்டர்,
விரலை எடுத்தால் நின்றுவிடும், பத்தே நிமிஷம்.
இதுவரை வாளி ஒன்பது ஊற்றினேன்.
மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார்.
"கணக்குச் சரிதான். சத்தம்தான் வயித்தெரிச்சல்."

சக்கர மடிப்பிலிருந்து ஆரம்பித்தேன்.
அலங்காநல்லூர் ரோட்டுச் செம்மண் கட்டி கட்டியாக விழுந்தது.
பூங்கோதை டீச்சர் ரிவர்ஸில் இறங்கிய
வாய்க்கால் வண்டல்.
டெஸ்ட் மைதானத்துப் புழுதி,
பெயிலானவர்கள், பாசானவர்கள்,
எல்லாம் ஒரே நிறம்.
ஒரு முழம் தள்ளி, விசிறி முனையில்,
மேலிருந்து கீழாக.
காயவிடக் கூடாது, எங்கள் போர் தண்ணீர்
கண்ணாடிக்குத் திருநீறு பூசிவிடும்.

டிக்கிக்கு வந்தபோதுதான் ஆசை வந்தது.
சுழல் முனையை மாட்டினேன்.
பெட்டியில் அதன் மேல் குறுக்குக் கோடு போட்ட
கார்ப் படம் இருந்தது. பார்த்தேன், பார்க்காத மாதிரி.
ஒரே நொடி.
சிவப்பு 'எல்' முழுசாக உரிந்து
பறந்து, மிதந்து,
குருவம்மாள் வீட்டுச் சாக்கடை பக்கம் போனது.

ஒன்பது வருஷம்
சுற்றியிருந்த வெள்ளையெல்லாம் பழுத்துப் போயிருக்க,
ஒட்டியிருந்த இடத்தில் மட்டும்
கம்பெனி வெள்ளையில் ஒரு 'எல்'.
உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

ஸ்டிக்கர் கடை திறக்கப் பத்து மணி ஆகும்.
டீச்சர் ஆறு மணிக்கே வந்துவிட்டார்,
ஐம்பத்திரண்டு வயது, மூன்றாம் முறை டெஸ்ட்.
காளவாசலில் வண்டி அணைந்தது.
பின்னால் பஸ்காரர்
இரக்கமே இல்லாமல் ஹாரனில் கையை ஊன்றினார்.
என் கால் பிரேக் பக்கம் போய்த் திரும்பியது.
"இன்னைக்கு ஏன் இவ்வளவு அடிக்கிறான்?"
என்று கேட்டுக்கொண்டே
கிளட்சை விட்டார் டீச்சர், மெதுவாக,
நான் சொல்லாமலே.